மணி அடிக்காத வேலைக்கு ஒரு நேரசூசி

பாடசாலையில் நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கிறது. எந்தப் பாடவேளையில் எந்தப் பாடம் என்பது தவணை தொடங்கும்போதே நேரசூசியில் எழுதப்பட்டு வகுப்பறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கும் வரவுப் பதிவேடு உண்டு, மேலதிகாரி உண்டு, வீடு திரும்பும் நேரம் உண்டு. வீட்டிலிருந்து சுயாதீனமாக மென்பொருள் உருவாக்குபவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. அவருக்கு யாரும் மணி அடிக்க மாட்டார்கள். அவரே அடித்துக்கொள்ள வேண்டும்.

நான் இக்கல்லூரியின் பழைய மாணவி. கடந்த எட்டு ஆண்டுகளாக இத்தொழிலைச் செய்து வருகிறேன். சுயாதீனமாக வேலை செய்வது என்றால், ஒரே நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கு இருக்காமல், பல வாடிக்கையாளரிடமிருந்து தனித்தனியாக வேலைகளை ஏற்று, முடித்துக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய பணத்தைப் பெறுவதாகும். உள்ளூர்க் கடைகளின் கையிருப்பு, விற்பனைக் கணக்குகளுக்கான மென்பொருளும், வெளிநாட்டு வாடிக்கையாளர் சிலரின் வலைத்தளங்களும் என் கையில் இருக்கின்றன.

உயர்தரம் முடித்த மாணவிகள் பலர் என்னிடம் ஆலோசனை கேட்பதுண்டு. எந்தக் கணினி மொழியைப் படிக்கலாம், எந்த மடிக்கணினியை வாங்கலாம் என்று கேட்பார்கள். அவை தேவையான கேள்விகளே. ஆனால் இத்தொழிலைத் தொடங்கிவிட்டு இடையில் விட்டவர்களில் நான் அறிந்த எவரும் கணினி மொழி தெரியாததால் விடவில்லை. சொன்ன நாளில் வேலையை முடிக்க முடியாமலும், இரவு பகலாக விழித்துக் களைத்தும், வீட்டு வேலைக்கும் தொழிலுக்கும் இடையில் நசுங்கியுமே விட்டார்கள். ஆகவே யாரும் கேட்காத கேள்விக்கு இக்கட்டுரையில் விடை சொல்ல விரும்புகிறேன்: ஒரு வாரத்தை எப்படித் திட்டமிடுவது?

ஏன் நாளல்ல, வாரம்?

ஒரு நாள் மிகச் சிறியது. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல், எதிர்பாராத விருந்தாளி, இரண்டு மணித்தியால மின்வெட்டு என ஏதாவது ஒன்று வந்தால் அன்றைய திட்டம் போய்விடும். ஒரு மாதமோ மிகப் பெரியது. முதல் இரண்டு வாரங்கள் 'இன்னும் நாள் இருக்கிறதே' என்ற நினைப்பிலேயே கழிந்துவிடும். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறோமோ அவ்வளவு நேரத்தையும் அது விரிந்து நிரப்பிக்கொள்ளும் என்று பிரித்தானிய எழுத்தாளர் நோர்த்கோட் பாக்கின்சன் 1955ஆம் ஆண்டு பாதி வேடிக்கையாக எழுதினார். இன்றும் அது பாக்கின்சன் விதி என்று அழைக்கப்படுகிறது. பரீட்சைக்கு மூன்று மாத விடுமுறை கிடைத்த அனுபவம் உள்ள மாணவிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வாரம் நடுத்தரமானது. ஒரு நாள் கெட்டாலும் மறுநாள் ஈடுசெய்யலாம். முடிவும் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கும்.

முதலில் மணித்தியாலங்களை எண்ணுங்கள்

ஒரு வாரத்தில் 168 மணித்தியாலங்கள் இருக்கின்றன. அவற்றில் எத்தனை வேலைக்கு உரியவை என்பதை ஆசையால் அல்ல, எண்ணிப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். என் கணக்கைச் சொல்கிறேன்.

திங்கள் முதல் வியாழன் வரை காலை 8.30க்கு உட்கார்ந்து, இடையில் அரை மணி ஓய்வெடுத்து, லுஹருக்கு முன் எழும்போது மூன்று மணித்தியாலம் கிடைக்கிறது. தம்பியும் தங்கையும் பாடசாலையில் இருப்பதால் வீடு அமைதியாக இருக்கும் நேரம் அது. பிற்பகல் 2 முதல் 4 வரை இரண்டு மணித்தியாலம். ஆக நாளொன்றுக்கு ஐந்து, நான்கு நாட்களுக்கு இருபது. வெள்ளி காலை மூன்று, சனி காலை மூன்று. மொத்தம் 26 மணித்தியாலம். ஞாயிறு விடுமுறை.

இந்த 26ஐயும் நான் இவ்வாறு பிரித்திருக்கிறேன்:

திங்கள் முதல் வியாழன் வரை காலை, 12 மணித்தியாலம்: மென்பொருளை உருவாக்குதல்.

திங்கள், செவ்வாய், புதன் பிற்பகல், 6 மணித்தியாலம்: வாடிக்கையாளருடன் கதைத்தல், அவர்களுடைய தேவைகளை எழுதிக்கொள்ளுதல், கடிதங்களுக்குப் பதில்.

வியாழன் பிற்பகல், 2 மணித்தியாலம்: புதிதாக ஒன்றைக் கற்றல்.

வெள்ளி காலை, 3 மணித்தியாலம்: கணக்கும் வாரத்தை முடித்தலும்.

சனி காலை, 3 மணித்தியாலம்: எதுவும் எழுதாமல் விட்ட வெற்றிடம்.

'வாரத்தில் 12 மணித்தியாலம்தானா மென்பொருள் உருவாக்குகிறீர்கள்?' என்று கேட்கலாம். ஆம். அந்தப் பன்னிரண்டிலும் விசைப்பலகையில் தட்டுவது ஒரு சிறு பகுதியே. ஐபிஎம் நிறுவனத்தின் பெரிய மென்பொருள் வேலையொன்றை நடத்திய பிரெட் புரூக்ஸ், 1975இல் வெளியான தமது நூலில் ஒரு பிரிப்பைக் கூறியுள்ளார்: மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு திட்டமிட, ஆறில் ஒரு பங்கு குறிமுறை எழுத, மீதிப் பாதி சோதித்துப் பார்க்க. 12 மணித்தியால வேலையொன்றில் இது முறையே நான்கு, இரண்டு, ஆறு என வரும். தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் முறைமை விருத்தியின் படிகளைப் படிக்கும் மாணவிகள் இந்த எண்களை அருகில் வைத்துப் பார்க்கலாம்.

இந்த எண்ணிக்கை பணத்தோடும் தொடர்புடையது. உதாரணமாக, ஒருவர் மாதம் 1,56,000 ரூபா உழைக்க வேண்டும் என்று வைப்போம். நான்கு வாரத்துக்கு 104 மணித்தியாலம் என்று வகுத்து, மணிக்கு 1,500 ரூபா என அவர் வாடிக்கையாளரிடம் சொல்கிறார். ஆனால் வாடிக்கையாளர் பணம் கொடுப்பது மென்பொருள் உருவாக்கிய 48 மணித்தியாலத்துக்கு மட்டுமே. மாத இறுதியில் கையில் வருவது 72,000 ரூபா. தொலைபேசியில் கதைத்த நேரத்துக்கும், கணக்கு எழுதிய நேரத்துக்கும், கற்ற நேரத்துக்கும் சேர்த்து அந்த 48 மணித்தியாலமே உழைத்துத் தர வேண்டும். ஆகவே அவர் சொல்ல வேண்டிய விலை 3,250 ரூபா. வாரத்தை எண்ணாதவர் தம் உழைப்புக்குச் சரியான விலையையும் சொல்ல முடியாது.

ஒரு வேலை எவ்வளவு நேரம் எடுக்கும்?

மனிதர் தம் வேலைக்கு வேண்டிய நேரத்தைக் குறைவாகவே மதிப்பிடுவர். இதற்குத் 'திட்டமிடல் மயக்கம்' என்று பொருள்படும் பெயரை டேனியல் கானமன், ஏமஸ் ட்வேர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979இல் வைத்தார்கள். நாம் நேரத்தைக் கணக்கிடும்போது எல்லாம் நன்றாக நடக்கும் ஒரு நாளையே கற்பனை செய்கிறோம். அத்தகைய நாள் அரிதாகவே வருகிறது. இதற்கு மருந்து, முன்பு இதுபோன்ற வேலைகள் எவ்வளவு நேரம் எடுத்தன என்று பார்ப்பதே.

அதற்கு ஒரு சிறு கொப்பி போதும். ஒரு பக்கத்தில் இரண்டு நிரல்கள். முதலாவதில் மதிப்பிட்ட நேரம், இரண்டாவதில் உண்மையில் எடுத்த நேரம். நான்கு என்று எழுதியது ஆறு எடுத்தது. இரண்டு என்றது மூன்று. ஆறு என்றது ஒன்பது. கூட்டினால் மதிப்பீடு 12, எடுத்தது 18. அதாவது ஒன்றரை மடங்கு. இரண்டு மாதங்கள் எழுதினால் உங்களுக்குரிய மடங்கு தெரியவரும். அதன்பின் அந்த எண்ணால் பெருக்கியே வாக்குக் கொடுக்க வேண்டும்.

ஒன்றரை மடங்கு எனக் கொண்டால், என் 12 மணித்தியாலத்துக்குள் 8 மணித்தியால மதிப்பீட்டு வேலையையே ஏற்க முடியும். ஒரு வாரத்தின் பட்டியல் இப்படி இருக்கும்: புடைவைக் கடைக்கு, திருப்பி வந்த பொருட்களின் மாத அறிக்கை, மூன்று மணித்தியாலம். அதே கடையின் பட்டைக்குறி வாசிப்பில் உள்ள வழுவைத் திருத்தல், இரண்டு. வெளிநாட்டு வாடிக்கையாளரின் வலைத்தளத்துக்குப் பதிவுப் படிவம், மூன்று. மொத்தம் எட்டு. அவ்வளவுதான். வாரம் நிறைந்துவிட்டது.

வாரத் தாள்

ஞாயிறு மாலை அரை மணி நேரம் ஒதுக்கி, ஒரு ஏ4 தாளில் வாரத்தை எழுதுகிறேன். முதலில் அசைக்க முடியாதவற்றை எழுத வேண்டும்: போயா விடுமுறை, உம்மாவின் கிளினிக் நாள், குடும்பத்தில் ஒரு கலியாணம். பிறகு அந்த மூன்று வேலைகளையும் காலைகளில் இடுகிறேன். கடினமானது திங்களுக்கும் செவ்வாய்க்கும், இலகுவானது வியாழனுக்கு. ஒரு காலையில் ஒரே ஒரு வேலை. வெவ்வேறு மென்பொருள்களுக்கு இடையில் மாறும் ஒவ்வொரு முறையும் 'எங்கே விட்டேன்' என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும். அதனால் எழும்புவதற்கு முன் கடைசிப் பத்து நிமிடத்தில், நாளை எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்பதை ஒரு வரியில் எழுதிவைக்கிறேன்.

தாளின் பின்பக்கத்தில் மின்சாரம் இல்லாமல் செய்யக்கூடிய வேலைகளை எழுதுகிறேன்: திரையின் வடிவத்தைப் பென்சிலால் வரைதல், வாடிக்கையாளர் தந்த தேவைகளை வாசித்துச் சந்தேகங்களைக் குறித்தல், எதை எதைச் சோதிக்க வேண்டும் என்று பட்டியலிடல். 2022 மார்ச் இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அக்காலத்தில் கைகொடுத்தது இந்தப் பின்பக்கம்தான். மின்சாரம் வந்தபோது என்ன செய்வதென்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எழுத மட்டுமே வேண்டியிருந்தது.

சனி காலையின் வெற்றிடத்தை நிரப்பும் ஆசை எல்லோருக்கும் வரும். நிரப்பாதீர்கள். வாரத்தில் எங்கோ ஒன்று வழுகும். அது வந்து விழுவதற்கு ஓர் இடம் வேண்டும். எதுவும் வழுகாவிட்டால் அந்த மூன்று மணித்தியாலமும் உங்களுடையது.

வாடிக்கையாளரின் கடிகாரம்

வெளிநாட்டு வாடிக்கையாளர் இருந்தால் அவர்களுடைய நேரத்தையும் வாரத்தில் சேர்க்க வேண்டும். நமக்குப் பிற்பகல் 2.30 ஆகும்போது துபாயில் 1 மணி, ரியாதிலும் தோஹாவிலும் நண்பகல் 12. லண்டனில் கோடையில் காலை 10, குளிர்காலத்தில் 9. ஆகவே 2.30க்கு வைக்கும் ஒரு சந்திப்பு இவர்கள் எல்லோருக்கும் பொருந்தும். என் காலை நேரமும் கெடாது.

வார விடுமுறையும் நாட்டுக்கு நாடு வேறுபடும். சவூதியிலும் கட்டாரிலும் வெள்ளியும் சனியும் விடுமுறை. ஐக்கிய அரபு அமீரக அரசு 2022 ஜனவரி முதல் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறி, வெள்ளியை அரை நாளாக்கியது. ரியாதில் உள்ளவரிடம் ஒரு கேள்வியை வெள்ளி காலை அனுப்பினால் ஞாயிறுதான் பதில் வரும். புதனன்றே அனுப்பினால் வியாழனுக்குள் பதில் வந்துவிடும். இந்தச் சிறு முன்யோசனை இரண்டு நாட்களை மிச்சப்படுத்தும்.

'அடுத்த திங்கள் செய்கிறேன்'

திட்டத்தை உடைப்பது பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை வரும் ஒரு வாட்ஸ்அப் செய்தி. 'சின்ன வேலைதான், இன்றைக்கே செய்து தர முடியுமா?' மறுக்கவும் மனம் வராது, ஏற்கவும் இடம் இருக்காது. தாள் முன்னால் இருந்தால் பதில் எளிது: 'இந்த வாரம் உங்கள் மாத அறிக்கையும் பட்டைக்குறி வேலையும் இருக்கின்றன. இதை முதலில் செய்வதானால் அவற்றில் எதைப் பின்போடலாம் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த திங்கள் தொடங்கிப் புதன் தருகிறேன்.' பெரும்பாலானோர் அடுத்த திங்களையே தேர்ந்தெடுப்பார்கள். கடையில் விற்பனையே நின்றுபோகும் அளவு வழு என்றால் அது வேறு. உடனே பார்க்க வேண்டும். அத்தகைய அவசரத்துக்காகவே சனியின் வெற்றிடம் இருக்கிறது. அன்று இழந்த காலையை அங்கே ஈடுசெய்யலாம்.

வாக்குக் கொடுத்த நாளில் வேலையைத் தருபவர் என்ற பெயர் எந்தச் சான்றிதழையும்விட அதிக வேலை கொண்டுவரும். அந்தப் பெயரைக் காப்பது கூடுதலாக ஏற்பதல்ல, அளவாக ஏற்பதே.

பெற்றோருக்கு

இனி எழுதுவது பெற்றோருக்கும் சேர்த்து. தையல் மெஷினில் இருப்பவளைக் கண்டால் அவள் வேலை செய்கிறாள் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மடிக்கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவளைக் கண்டால் தெரியாது. 'வீட்டில் சும்மாதானே இருக்கிறா' என்று எண்ணி, கேஸ் வாங்கவும், விருந்தினருக்குத் தேநீர் ஊற்றவும், ராத்தாவின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் கூப்பிடுவார்கள். கூப்பிடுபவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்கு வேலை கண்ணுக்குத் தெரியவில்லை. காலை இவ்வாறு துண்டுதுண்டாகப் போனால் பிள்ளை இரவு ஒரு மணி வரை விழித்திருக்க வேண்டிவரும். பிறகு 'கணினி உடம்பைக் கெடுக்கிறது' என்று அந்த வேலையையே நிறுத்தச் சொல்வோம்.

இது இன்றைய பிரச்சினை மட்டுமல்ல. 1962இல் பிரித்தானியாவில் ஸ்டெபனி ஷேர்லி என்ற பெண், வெறும் ஆறு பவுண் முதலுடன் தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் பெயரே 'சுயாதீன செய்நிரலாளர்கள்' என்று பொருள்படுவது. பிள்ளை பெற்று வேலையை விட்ட பெண்களுக்கு வீட்டிலிருந்தே வேலை கொடுத்தார். முதல் 300 ஊழியரில் 297 பேர் பெண்கள். அவர்கள் வீட்டில் கணினி இருக்கவில்லை. செய்நிரலைத் தாளில் எழுதித் தபாலில் அனுப்பினார்கள். கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான செய்நிரலாக்கமும் அவர்கள் செய்ததே. பெண் பெயரில் அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வராததால் அவர் 'ஸ்டீவ்' என்று ஆண் பெயரில் கையொப்பமிட்டார். தொலைபேசி ஒலித்தால், குழந்தையின் அழுகை மறுமுனைக்குக் கேட்காதிருக்க, தட்டச்சு ஓசையைப் பதிவுசெய்த நாடாவை ஓடவிடுவாராம்.

அவர் வீட்டை வாடிக்கையாளரிடமிருந்து மறைக்க வேண்டியிருந்தது. இன்று பெரும்பாலும் அந்தத் தேவை இல்லை. நாம் செய்ய வேண்டியது, வேலையை வீட்டுக்குக் காட்டுவது. என் வாரத் தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. சிவப்பு நிறமிட்ட நேரத்தில் அவசரமென்றால் மட்டும் கூப்பிடலாம். பச்சை நேரத்தில் எதற்கும் கூப்பிடலாம். உம்மாவின் கிளினிக் நாளும், நான் சமைக்கும் முறைகளும் அதே தாளில் இருக்கின்றன. அதுவே முக்கியம். வீட்டுக்கு நான் தரும் நேரமும் அதில் எழுதப்பட்டிருப்பதால்தான், தொழிலுக்கு நான் கேட்கும் நேரத்தை வீடு மதிக்கிறது. 'பன்னிரண்டு மணிக்குப் பிறகு அவவிடம் கேட்போம்' என்று இப்போது உம்மாவே விருந்தினரிடம் சொல்வார்.

உங்கள் மகள் இத்தொழிலில் இறங்கினால், ஞாயிறு மாலை பத்து நிமிடம் அவளுடன் அமர்ந்து அந்தத் தாளை வாசியுங்கள். மாதச் சம்பளச் சீட்டு இல்லையே என்ற உங்கள் பயம் நியாயமானது. அதற்கு விடை அந்தத் தாளிலும், கீழே சொல்லும் கணக்குக் கொப்பியிலும் இருக்கிறது.

வெள்ளி காலை

வெள்ளி ஜும்ஆ நாள், பகலில் வீட்டில் வேலை அதிகம். ஆகவே 8 முதல் 11 வரை வாரத்தை முடிக்கிறேன். ஐந்து காரியங்கள்: முடித்த வேலைகளுக்கு அன்றே கட்டணப் பட்டியல் அனுப்புதல், வரவு செலவைக் கொப்பியில் எழுதுதல், வராத பணத்தை மரியாதையாக நினைவூட்டுதல், எல்லா வேலைக்கும் காப்புப்பிரதியை இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்தல், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் 'இந்த வாரம் இது முடிந்தது, அடுத்த வாரம் இது' என இரண்டு வரி அனுப்புதல். இந்த இரண்டு வரி போகும் வாடிக்கையாளர் வாரத்தின் நடுவே அழைத்துத் தொந்தரவு செய்வது குறைவு.

மாணவிகளுக்கு ஒரு பயிற்சி

மென்பொருள் உருவாக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வரும் ஞாயிறு ஒரு தாளை எடுங்கள். பாடசாலை, பிரத்தியேக வகுப்பு, தொழுகை, உறக்கம், வீட்டு வேலை ஆகியவற்றைக் கழித்து, சொந்தப் படிப்புக்கு உண்மையில் மீதமிருக்கும் மணித்தியாலங்களை எண்ணுங்கள். படிக்க வேண்டிய அலகுகளில் மூன்றை மட்டும் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று எழுதுங்கள். படித்து முடித்ததும் உண்மையில் எடுத்த நேரத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு வெற்றிடத்தையும் விடுங்கள். தாளை வீட்டில் எல்லோரும் காணும் இடத்தில் ஒட்டுங்கள். நான்கு வாரங்கள் இதைச் செய்தால் உங்களுக்குரிய மடங்கு எவ்வளவு என்பது தெரிந்துவிடும். அந்த ஓர் எண், பரீட்சைக்கும் உதவும், பின்னர் எத்தொழிலுக்குப் போனாலும் உதவும்.